அடைகாப்பு

மார்ச் 3
ஆறு வாத்து முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தாயிற்று. 37.5 டிகிரி. திருப்பி வைத்தது தெரிய ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். இனி 28 நாள்.

மார்ச் 5
வெள்ளைப் பெட்டை இட்ட முட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவளைத் திட்டி என்ன பயன்? நிறைய முட்டை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில் அடையில் உட்காரும் குணத்தையே மனிதர்கள் உருவிவிட்டார்கள். காட்டு வாத்து தன் மார்புத் தூவியைப் பிடுங்கிக் கூட்டில் மெத்தை போடும்; இரைக்குப் போகும்போது அதையே முட்டைகள்மேல் இழுத்து மூடிவிட்டுப் போகும். இங்கே அலாரம் வைத்துக்கொண்டு நான் எழுகிறேன்.

மார்ச் 6
அம்மா இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் இல்லை.

மார்ச் 10
விளக்கை அணைத்துவிட்டு டார்ச் பிடித்துப் பார்த்தேன். ஐந்தில் சிவப்பு நரம்புகள், நடுவே துடிக்கும் ஒரு புள்ளி. மூன்றாம் எண்ணில் வெறும் மஞ்சள் வெளிச்சம். கூமுட்டை. எடுத்துப் போட மனம் வரவில்லை.

மார்ச் 12
அம்மா போனில் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “திருப்பி வைத்தாயா?” என்றாள்.

மார்ச் 17
விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸின் பின்னால் பெருவாத்துக் (goose) குஞ்சுகள் வரிசையாகப் போகும் படத்தை எல்லோரும் ரசிக்கிறார்கள். 1973இல் நோபல் பரிசும் கிடைத்தது. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பொரிந்ததும் கண்ணில் படும் நடமாட்டத்தைத் தாய் என்று நம்பிவிடும் குஞ்சு. என் பின்னால் வந்தால் எங்கே கூட்டிப்போவேன்? பாதி நாள் நான் ஆஸ்பத்திரியில்தானே கிடக்கிறேன்.

மார்ச் 21
மூன்றாம் எண் இன்னும் உள்ளேதான். அழுகி வெடித்தால் மற்றவையும் கெடும். தெரியும்.

மார்ச் 22
மின்வெட்டு, ஐம்பது நிமிடம். துண்டால் சுற்றிவைத்தேன். தாய் இரைக்குப் போகும் நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 28
இனித் திருப்பக் கூடாது. இரண்டு மணிக்குக் கை தானாகப் போகிறது.

மார்ச் 29
ஐந்தாம் முட்டைக்குள் கீச்சொலி! காற்றறைக்குள் அலகை நீட்டி மூச்சுவிடத் தொடங்கிவிட்டது. பொரிவதற்கு முன்பே தாய் குரல்கொடுக்கும், குஞ்சும் பதில் சொல்லும். வாத்துகளை அம்மா அழைக்கும் குரல் எனக்கு வராது. போன் போட்டு, ஸ்பீக்கரை இன்குபேட்டர் அருகே வைத்தேன். இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு இருமல்.

மார்ச் 30
ஓட்டில் நட்சத்திர விரிசல். உடைத்து உதவக் கூடாது. உள்சவ்வில் இன்னும் இரத்தம் ஓடும். இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கியபடி உட்கார்ந்திருக்கிறேன்.