திறந்த காருக்கு ரோல் பார்: வளையம் ஊன்றி நிற்கும் இடம்

அறுபதுகளின் தோற்றத்தில் செய்யப்பட்ட என்னுடைய இரு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரில் ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களின் தலையைக் காக்கும் எஃகு வளையம், பொருத்தும் வேலை ஒருவழியாக முடிந்திருக்கிறது. பார்ப்பவர்கள் அனைவரும் இருக்கைகளுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் குழாயைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். வேலையில் பெரும்பகுதி அந்தக் குழாயில் இல்லை. தரைவிரிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நான்கு பாதங்களில் இருக்கிறது. இந்தப் பதிவில் அந்தப் பாதங்களுக்கே அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

கூரையுள்ள கார் கவிழ்ந்தால் அதன் தூண்களும் கூரைச் சட்டமும் சேர்ந்து எடையைத் தாங்கும். திறந்த காரில் அந்த வேலைக்கு மிஞ்சுவது முன்கண்ணாடியின் சட்டம் ஒன்றுதான். புதிய திறந்த கார்களில் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வலுவான எஃகுக் குழாய் செல்கிறது. 1989-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். காரில், கவிழப்போவதை உணரிகள் கண்டறிந்தவுடன் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் மேலெழும் ரோல் பாரே இருந்தது. பழைய பாணிக் கார்களில் முன்கண்ணாடிச் சட்டம் பெரும்பாலும் காற்றைத் தடுப்பதற்கு மட்டுமே போதுமானது. காரின் எடை அதன்மேல் விழுந்தால் மடங்கிவிடும். எனவே ரோல் பாரின் உயரத்தைக் கணக்கிடும்போது அதைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

ரோல் பார் அழகைக் கெடுத்துவிடும் என்று சொல்பவர்கள் 1965-இல் அறிமுகமான போர்ஷே 911 டார்காவை ஒருமுறை பார்க்கலாம். அதன் கவிழ்வுப் பாதுகாப்பு வளையமே அந்தக் காரின் அடையாளமாகிவிட்டது. என் கவலை வேறு. பளபளக்கும் வளையங்கள் பல கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி வெறும் அலங்காரம். பின்தாங்கு கம்பி இல்லாமல், மெல்லிய குழாயில், உடல் தகட்டின்மேல் இரண்டு சிறிய போல்ட்டுகளோடு நிற்கும் வளையம் ஒன்றுமில்லாததைவிட மோசம் என்பது என் கருத்து, ஏனென்றால் அது ஓட்டுபவருக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிட்டு, விபத்தில் மடங்கி அவருடைய தலைமேலேயே விழக்கூடும். குரோம் முலாமும் எனக்கு உவப்பானதல்ல. உயர்வலு எஃகில் முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரலாம். சாதாரண எஃகில் அந்த ஆபத்து குறைவு என்றாலும், வெல்டிங்கில் விழும் மெல்லிய விரிசலை முலாம் மறைத்துவிடும். நான் கறுப்பு பெயின்ட் ஒரு கோட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது, பந்தயம் ஓட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பந்தய விதிகளையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். முதன்மை வளையத்துக்குக் குளிர்நிலையில் இழுக்கப்பட்ட, தையல் இல்லாத கார்பன் எஃகுக் குழாய் வேண்டும் என்றும், வெளிவிட்டம் 45 மி.மீ. என்றால் சுவர்த் தடிமன் 2.5 மி.மீ., 50 மி.மீ. என்றால் 2 மி.மீ. குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைவின் உட்புறத்தில் சுருக்கமோ நசுங்கலோ தெரிந்தால் அந்தக் குழாய் அங்கேயே பாதி வலுவை இழந்துவிட்டது என்று கொள்ளலாம். அதை உள்தண்டு வைத்து வளைக்கும் இயந்திரமுள்ள இடத்தில் மறுபடி செய்வதே சரி. பின்தாங்கு கம்பிகள் இரண்டு, குறுக்கே ஒரு மூலைவிட்டக் கம்பி ஆகியவை இல்லாமல் வளையம் முழுமையடையாது. கார் பக்கவாட்டில் விழும்போது வளையம் சாய்சதுரமாகச் சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அந்த மூலைவிட்டம்தான்.

இனி பாதங்களுக்கு வருகிறேன். என் காரின் உடல் ஃபைபர்கிளாஸ். அடியில் ஏணி வடிவ எஃகுச் சேசிஸ். ஃபைபர் உடலின்மேல் தகட்டை வைத்து இறுக்கிவிட்டால் முதல் நாள் அது கல்லைப்போல நிற்கும். ஆனால் இறுக்கத்துக்கு அடியில் அகப்பட்ட பிசின் நாளடைவில் மெல்ல அமிழ்கிறது, போல்ட்டின் இழுவிசை குறைகிறது, யாரும் தொடாமலே நட்டு தளர்கிறது. கவிழும்போதோ நிலைமை இன்னும் மோசம்: காரின் மொத்த எடையும் சில சதுர சென்டிமீட்டரில் குவிவதால் பாதம் ஃபைபரைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஆகவே இவ்வகைக் கார்களில் வளையத்தின் கால் உடலைத் தாண்டிச் சேசிஸ் வரை போய்த்தான் ஆக வேண்டும். மரச்சட்ட உடலைக் கொண்ட மார்கன் போன்ற கார்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். எம்.ஜி.பி. போல உடலும் சேசிஸும் ஒன்றாக அமைந்த கார்களில் சக்கர வளைவும் தரைத்தகடும் பாதத்தைத் தாங்கும் என்றாலும், அடியில் துரு அரித்திருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்காமல் துளையிடுவது வீண்வேலை.

சேசிஸ் என்றவுடன் இன்னொரு சிக்கல் வருகிறது. அது பெட்டி வடிவக் குழாய், உள்ளே காலி. அதன் குறுக்கே துளையிட்டுப் போல்ட்டைச் செலுத்தி நட்டை இறுக்கினால் இரண்டு சுவர்களும் உள்நோக்கி வளைகின்றன. இறுக்க இறுக்கக் குழாய் நசுங்குமே ஒழிய போல்ட்டில் இழுவிசை ஏறாது. இதற்கு மாற்று, துளையைப் பெரிதாக்கி அதற்குள் தடித்த சுவருள்ள ஒரு சிறு குழாயைச் செருகி, இரு முனைகளையும் சேசிஸோடு வெல்டிங் செய்து, மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்துவிடுவது. போல்ட் இந்தச் சிறு குழாயின் வழியாகச் செல்கிறது, இறுக்கத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது. வேலை முடிந்தபின் பார்த்தால் சேசிஸின் பக்கவாட்டில் ஒரு வெள்ளி வட்டம் மட்டுமே தெரியும். அதற்குப் பின்னால் அரைநாள் போகும்.

பாதத்தின் அடித்தகட்டுக்கும் எஃப்.ஐ.ஏ. விதிகளே வழிகாட்டின. முதன்மை வளையத்தின் ஒவ்வொரு காலுக்கும் 3 மி.மீ. தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வலுவூட்டும் தகடு, குறைந்தது மூன்று போல்ட், ஒவ்வொன்றும் எம்8 அளவு (8 மி.மீ. விட்டம்), 8.8 தரம் (போல்ட்டின் வலுவைக் குறிக்கும் எண்). தகட்டின் மூலைகளை உருட்டிவிட வேண்டும், ஏனெனில் கூர்முனையில்தான் விரிசல் தொடங்கும். போல்ட்டின் மரையில்லாத வழுவழுப்பான பகுதி, தகடும் பாதமும் சந்திக்கும் இடத்தில் வரும்படி நீளத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெட்டுவிசை விழும் இடத்தில் மரையின் பள்ளம் இருந்தால் போல்ட் அங்கேதான் முதலில் விட்டுக்கொடுக்கும். 8.8 தர எம்8 போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அதற்குமேல் கைபலத்தைக் காட்டுவதில் பயன் இல்லை, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

துளையிடும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். எரிபொருள் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பதால் அதைக் காலி செய்து வெளியே எடுத்தபிறகே வெல்டிங் மெஷின் கராஜுக்குள் வந்தது. பிரேக் குழாயும் மின்கம்பிகளும் சேசிஸை ஒட்டியே ஓடுகின்றன. சுண்ணக்கட்டியால் அவற்றின் வழியைத் தரையில் வரைந்துவிட்டு, முதலில் மெல்லிய துளையிட்டுப் பார்த்த பிறகே பெரிய டிரில் பிட்டைத் தொட்டேன். வெட்டிய விளிம்புகள் அனைத்துக்கும் துத்தநாக பிரைமர், அதன்மேல் சீலன்ட்.

உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வளையத்தின் உச்சியிலிருந்து முன்பக்கத்தில் வலுவான ஒரு புள்ளிவரை நேரான கம்பைக் கிடத்திப் பார்க்க வேண்டும். பெல்ட் போட்டு, ஹெல்மெட்டோடு அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வளையத்தின் உச்சிக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையே 50 மி.மீ. இடைவெளியாவது இருப்பது நல்லது. கம்பின் முன்முனையைக் கண்ணாடிச் சட்டத்தின்மேல் வைத்துத் திருப்தியடைபவர்கள் உண்டு. நான் டேஷ்போர்டுக்கு முன்னால் உள்ள உடல்மேட்டில் வைத்தேன். கோடு சட்டென்று கீழிறங்கியது. அதனால் வளையத்தை நினைத்ததைவிட உயர்த்த வேண்டியிருந்தது, இருக்கையின் மெத்தையையும் மெலிதாக்க வேண்டியிருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வளையம் சற்று நெட்டையாகத்தான் தெரிகிறது.

சாலையில் யாரும் ஹெல்மெட் அணிந்து கார் ஓட்டுவதில்லை. பின்னாலிருந்து வேறொரு வாகனம் மோதினால் தலை பின்னோக்கி வீசப்படும். அங்கே எஃகுக் குழாய் காத்திருந்தால் அது பாதுகாப்பாகாது. கவிழ்வதைவிடப் பின்மோதல் சாலையில் சாதாரணமாக நடப்பது. ஆகையால் தலை எட்டக்கூடிய பகுதி முழுவதும் அதற்கென்றே செய்யப்பட்ட கெட்டியான நுரையைப் பொருத்தினேன். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மென்மையான நுரை விரலால் அழுத்தினாலே குழாயைத் தொட்டுவிடும், அது பயன்படாது. உயரமான தலைத்தாங்கியுள்ள இருக்கை இருந்தால் இன்னும் நல்லது.

தோள்பட்டை பெல்ட்டுகளைக் கட்ட வளையத்தின் குறுக்குக் கம்பி வசதியானது. பெல்ட் இருக்கையின் மேல்விளிம்பிலிருந்து பின்னோக்கிச் செல்லும்போது கிடைமட்டத்திலிருந்து 20 பாகைக்குமேல் கீழிறங்காமல் இருப்பது நல்லது. செங்குத்தாகத் தரைக்கு இறங்கும் பெல்ட், மோதலின்போது முதுகெலும்பை மேலிருந்து அழுத்தும். பெல்ட்டே இல்லாத காரில் ரோல் பார் மட்டும் இருப்பதில் பொருள் இல்லை, ஏனெனில் கார் உருளும்போது உள்ளே இருப்பவர் வளையத்தின் நிழலுக்குள் தங்கமாட்டார்.

மடக்குத் துணிக்கூரை முன்போல முழுவதும் மடங்குவதில்லை. பின்தாங்கு கம்பிகள் அதன் சட்டத்தின் வழியில் வருகின்றன. சட்டத்தில் ஒரு கீலை இடம்மாற்றி, துணியின் பின்ஜன்னலைக் கொஞ்சம் வெட்டித் தைத்தால் சரியாகும் என்று தையல்காரர் சொல்லியிருக்கிறார். இருக்கையும் இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்திருக்கிறது, உயரமானவர்களுக்கு கிளட்ச் பெடல் கொஞ்சம் நெருக்கமாகப்படும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் விரிப்பைத் தூக்கிப் போல்ட்டுகள் அனைத்தையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்த்தேன். நகர்ந்தால் தெரிவதற்காக ஒவ்வொரு நட்டின்மேலும் இழுத்துவிட்ட மஞ்சள் கோடு எதுவும் விலகவில்லை.