உள்ளே இருப்பது மட்டும் எப்படி உதவும்?

பக்கவாதம் வந்தவர். புரையேறி, அதனால் நிமோனியா. இரவு டியூட்டியில் பைபரசிலின்-டாசோபாக்டம் தொடங்கியிருந்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகள் உட்படப் பலவகைக் கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக் அது. காலை ரவுண்ட்ஸில் அதை நிறுத்தி, அதைவிடக் குறைவான கிருமிகளைத் தாக்கும் செஃப்ட்ரையாக்சோன் மட்டும் போதும் என்றேன். நுரையீரலில் சீழ்க்கட்டி இல்லை, வெளியுறையிலும் சீழ் சேரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளுக்கான மருந்தை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்று 2019-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் சொல்கிறது. அந்த முடிவில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அவருடைய மகளிடம் நான் சொன்ன காரணம்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

“பெரிய மருந்தை நிறுத்திட்டீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. அப்பாவைக் கைவிட்டுட்டீங்களா டாக்டர்?”

“இந்தக் கிருமிக்கு இந்த மருந்தே போதும்மா” என்று முடித்திருக்கலாம். நான் குடலுக்குப் போனேன். “அந்த மருந்து குடல்ல இருக்கற நல்ல கிருமியையும் அழிச்சிடும்மா. அதுங்க நல்லா இருந்தாத்தான் நுரையீரலும் நோயை எதிர்த்து நிக்கும்.”

பொய் இல்லை. குடலின் ஆக்சிஜனற்ற பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை எலும்பு மஜ்ஜையில் பாதுகாப்புச் செல்கள் உருவாகும் விதத்தையே மாற்றுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைத் துடைத்த எலிகளுக்கு, நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் கிருமியின் தொற்றை உண்டாக்கியபோது நுரையீரலில் கிருமி அதிகம் பெருகியது, இறப்பும் கூடியது. நுரையீரலின் காற்றறைகளைக் காக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கிருமியை விழுங்குவதிலும் பின்தங்கின. இதையெல்லாம் ஆசையாகப் படிக்கிறவன் நான். வாயில் வந்துவிட்டது.

அடுத்த நாள் மகள் ஒரு புரோபயாடிக் டப்பாவோடு, அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய மருந்தோடு, வந்தார். “இதை டியூப் வழியாக் கொடுக்கலாமா?”

வேண்டாம் என்றேன். அதற்கும் ஆதாரம் இருந்தது. வென்டிலேட்டரில் இருந்த 2,650 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. லாக்டோபேசிலஸ் என்ற புரோபயாடிக் பாக்டீரியாவைக் கொடுத்தவர்களில் 21.9 சதவீதம் பேருக்கு வென்டிலேட்டர் நிமோனியா வந்தது, கொடுக்காதவர்களில் 21.3. கொடுத்தவர்களில் சிலருக்கு அந்த பாக்டீரியாவே ரத்தத்தில் போய்த் தொற்றாகவும் ஆனது. அவருடைய அப்பா வென்டிலேட்டரில் இல்லைதான். ஆனாலும் அவ்வளவு பலவீனமான உடம்பில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் கேட்டார்: “வெளியில இருந்து கொடுத்தா உதவாதுன்னா, உள்ள இருக்கறது மட்டும் எப்படி டாக்டர் உதவும்?”

டப்பாவில் இருப்பது ஓரிரு வகை, குடலில் இருப்பது நூற்றுக்கணக்கான வகை, பியூட்டிரேட் தருவதும் வேறு கூட்டம் என்றேன். அவர் தலையாட்டினார். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை.

மனிதர்களில் நம்மிடம் என்ன இருக்கிறது? நெதர்லாந்திலும் பின்லாந்திலுமாக 10,699 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2024-இல் வந்தது. பியூட்டிரேட் தரும் பாக்டீரியாவின் பங்கு 10 சதவீதம் கூடும்போது, தொற்றுநோயால் மருத்துவமனையில் சேரும் அபாயம் ஒரு நாட்டில் 25 சதவீதமும் மற்றதில் 14 சதவீதமும் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் பாக்டீரியா அவர்களைக் காத்ததா, ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்களின் குடலில் அது செழித்ததா? அந்த ஆய்வை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. அவருடைய கேள்வி சரியாக அந்த இடத்தில்தான் விழுந்தது.

மருந்தைப் பற்றியும் இப்படித்தான். பைபரசிலின் தட்டுப்பாடு வந்த காலத்தைப் பயன்படுத்தி, செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளிடம் அதை, ஆக்சிஜனற்ற இடத்தில் வாழும் குடல் பாக்டீரியாவை அவ்வளவாகத் தாக்காத செஃபெபைம் என்ற ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்ட ஆய்வில், பைபரசிலின் பக்கம் 90 நாள் இறப்பு சுமார் 5 சதவீதப் புள்ளிகள் அதிகம். படித்தவுடன், குடல் பாக்டீரியாவை அழிப்பது பற்றி நான் நினைத்தது சரி என்று ஒரு நிம்மதி. ஆனால் அதே இரண்டு மருந்துகளைக் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்த 2023 ஆய்வில், இறப்பில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அது 14 நாள் கணக்கு, குடலின் சேதம் தெரிய நாளாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சரியான சமாதானமாகவும் இருக்கலாம். எனக்குப் பிடித்தமானது என்பதால் நம்புகிறேனோ என்றும் தோன்றுகிறது.

இரண்டாவது வாரம் அப்பாவுக்கு மறுபடி காய்ச்சல். எக்ஸ்ரேயில் புதிய நிழல். நிறுத்திய அதே மருந்தை நானே எழுதினேன். அந்த நேரத்துக்கு அதுதான் தேவை. மகள் ஒன்றும் கேட்கவில்லை. குடல் பற்றிய பேச்சை நானும் எடுக்கவில்லை. தேறி வீட்டுக்குப் போனார். இதில் எதுவும் எதையும் நிரூபிக்காது. முதலிலேயே பெரிய மருந்து ஓடியிருந்தாலும் அந்தக் காய்ச்சல் வந்திருக்கலாம், இன்னும் மோசமாகவும் வந்திருக்கலாம்.

ஜூனியர்களிடம் இப்போது, உறவினர்களுக்கு உறுதியான காரணத்தை மட்டும் சொல்லுங்கள் என்கிறேன். அப்புறம் அடுத்த கட்டிலுக்குப் போய் நானே குடலில்தான் ஆரம்பிக்கிறேன். அதைக் கேட்ட குடும்பங்கள், ‘இந்த ஆன்டிபயாடிக்கை எப்ப நிறுத்துவீங்க’ என்று அவர்களாகவே கேட்கிறார்கள். வேறு எதைச் சொன்னாலும் அந்தக் கேள்வி வருவதில்லை.