டாமி ஜான் என்று ஒரு மனிதர்

அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அன்றைய பட்டியலில் ‘டாமி ஜான், ஐந்தாம் மாதம்’ என்று இருந்தது. வரவேற்பறைக்குப் போய் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டேன். காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முழங்கையின் உட்புறம் நீளத் தழும்போடு ஒரு பள்ளி மாணவன் எழுந்து, “என்னைத்தான் கூப்பிடுகிறீர்கள்” என்றான். கிரிக்கெட்டே உலகம் என்று வளர்ந்த எனக்கு, அது ஓர் அறுவை சிகிச்சையின் செல்லப்பெயர் என்று எப்படித் தெரியும்?

வெட்கத்தோடு அன்றிரவே தேடிப் படித்தேன். டாமி ஜான், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் இடக்கைப் பிட்சர், அதாவது பந்தெறிபவர். 1974 ஜூலை 17 அன்று, 31 வயதில், பந்தெறியும்போது முழங்கையின் உட்புற ஜவ்வு அறுந்தது. அதுவரை ஜவ்வு அறுந்த பிட்சர் வேறு பிழைப்பைத் தேட வேண்டியதுதான். டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்பில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் அவரே கணித்திருந்தார்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு மாதிரி புடைக்கிறதே, அந்தத் தசைநாண்தான். சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. அதனால் ஒரு குறையும் இல்லை. எனக்கு இடக்கையில் இல்லை.

ஆனால் என் தொழில் தொடங்குவது கத்தி வைத்த பிறகுதான். ஜானுக்கு நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் கொக்கிபோல வளைந்துகொண்டன. டிசம்பரில் மறுபடியும் அறுவை சிகிச்சை. 1975 சீசன் முழுவதும் ஓர் ஆட்டம்கூட இல்லை. 1976-இல் திரும்பியவர், 1989 வரை, 46 வயதிலும் எறிந்துகொண்டிருந்தார். மொத்தம் 288 வெற்றிகள். அவற்றில் 164 அந்த ஒட்டுப்போட்ட கையால் வந்தவை.

இந்தக் கணக்கெல்லாம் யாருக்கு வேண்டும்? ஒருநாள் ஒரு தந்தை, பதினைந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜவ்வு நன்றாகவே இருந்தது. “இப்போதே அந்த ஆபரேஷனைச் செய்துவிட்டால் வேகம் கூடுமாமே?” என்றார். கூடியவர்களுக்கும் அது பெரும்பாலும் ஓராண்டு தோளும் இடுப்பும் காலும் உழைத்த பலன் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது ரசிக்கவில்லை.

என் பங்குக்கும் ஒரு தவறு உண்டு. முதல் வாரம் வரவேற்பறையில் எழுந்து நின்ற அந்த மாணவன்தான். முதன்முதலாக எறிய அனுமதித்த நாள். 45 அடி தூரம், 25 எறிதல்கள் என்று கணக்கு. முடித்ததும், “இன்னும் பத்தே பத்து” என்று கெஞ்சினான். முகத்தைப் பார்த்து இளகிவிட்டேன். மறுநாள் முழங்கை வீங்கியிருந்தது. மூன்று வாரம் பந்தைத் தொடவில்லை. அவன் என்னைக் குறை சொல்லவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

போன மாதம் வேறொரு பையன், அதே 45 அடி. இருபத்தைந்தாவது பந்து என் கையுறைக்குள் சத்தமாக விழுந்தது.

“இன்னும் ஒன்றே ஒன்று?”

பந்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.