சாட்ஸ்வொர்த்தில் ஒரு மண்டிக்காரர்

லண்டனில் இருந்து தமிழ்க் குழுக்களைப் பேருந்தில் கூட்டிப் போய் ஊர் சுற்றிக் காட்டுவது என் வேலை. டெர்பிஷைரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு மட்டும் இருபது தடவைக்கு மேல் போயிருப்பேன். ஆரம்பத்தில் நான் சொன்னதெல்லாம் பட்டங்களின் வரிசைதான். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் காவண்டிஷ் குடும்பத்தின் நான்காம் ஏர்ல், 1688-இல் டச்சு இளவரசர் ஆரஞ்சு வில்லியமை இங்கிலாந்துக்கு அழைத்த எழுவரில் ஒருவர். 1694-இல் அவர் டெவன்ஷைர் டியூக் ஆனார். நான்காம் டியூக் 1756-இல் பிரதமர். சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் போட்டோ எடுக்கப் போயிருப்பார்கள்.

அதை மாற்றியவர் சின்னமனூர் ஐயா. நாற்பது வருடம் வாழைக்காய் மண்டி நடத்திவிட்டு, மகளைப் பார்க்க லண்டன் வந்திருந்தார். பெரிய கூடத்தில் எல்லோரும் அண்ணாந்து கூரையில் ஜூலியஸ் சீசரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார். "அதெல்லாம் சரி தம்பி, முதல் காசு எங்கயிருந்து வந்துச்சு?"

போக வர ஏழு மணி நேரம் ஆகும் இந்தப் பயணத்தில் யாரும் கேட்காத கேள்வி. மன்னர் எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூடிச் சொத்தைப் பறித்தபோது அதைக் கணக்கெடுக்கப் போன அதிகாரிகளில் ஒருவர் வில்லியம் காவண்டிஷ். அந்த வேலையில் அவரும் நிலம் சேர்த்தார். அவரை மணந்த பெஸ் டெர்பிஷைர்க்காரி. தெற்கில் இருந்த நிலங்களை விற்றுவிட்டுத் தன் சொந்த ஊர்ப் பக்கம் வாங்க வைத்தவர் அவர்தான். 1549-இல் சாட்ஸ்வொர்த்தை வாங்கிய விலை 600 பவுண்டு. 1557-இல் கணவர் இறந்தபோது அரசுக் கணக்கில் 5,000 பவுண்டுக்கு மேல் துண்டு விழுந்திருந்தது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெஸ் அந்தக் கடனைச் சமாளித்தார், நிலத்தையும் விடவில்லை. வீட்டுக் கணக்கைத் தானே சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்கு இருந்தது. "அப்போ குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினது அந்த அம்மாதான்," என்றார் ஐயா. அதுவரை நான் பெஸ்ஸை ஒரே வரியில் கடந்து போய்க்கொண்டிருந்தேன். இப்போது அவரிடம் இருந்துதான் தொடங்குகிறேன்.

கூட்டம் அமைதியாகிற இடம் இன்னொன்று உண்டு. பத்தாம் டியூக்கின் மூத்த மகன் வில்லியம், பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் தங்கை கேத்லீனை 1944 மே மாதம் மணந்தார். செப்டம்பரில் பெல்ஜியம் போர்முனையில் இறந்தார். தந்தை வாரிசு வரியைத் தவிர்ப்பதற்காக முன்கூட்டியே சொத்தை மாற்றி எழுதியிருந்தார். எழுதிக் கொடுத்தவர் ஐந்து வருடம் உயிரோடு இருந்தால்தான் அது செல்லும். 1950 நவம்பரில், கெடு முடியப் பதினான்கு வாரம் இருக்கும்போது, அவர் இறந்துபோனார். வரி 80 சதவீதம். பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகை, ரெம்பிராண்ட், ஹோல்பைன் ஓவியங்கள், ஏராளமான நிலம் எல்லாம் கைவிட்டுப் போயின. இன்று சாட்ஸ்வொர்த்தை நடத்துவது ஓர் அறக்கட்டளை. குடும்பம் அதற்கு வாடகை கட்டித்தான் அங்கே குடியிருக்கிறது.

தோட்டத்துக்கு வந்ததும் ஐயாவிடம் வாழையைப் பற்றிச் சொன்னேன். ஆறாம் டியூக்கின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1830-களில் இங்கே கண்ணாடி வீட்டுக்குள் ஒரு குட்டை வாழையை வளர்த்துக் குலை தள்ள வைத்தார். அதற்குத்தான் காவண்டிஷ் என்று குடும்பத்தின் பேர் வந்தது. இங்கிருந்து போன கன்றுகள் சமோவா வரை பரவின. சின்னமனூர் வயல்களில் திசு வாழை என்று நடுகிற ஜி-9 அந்த இனம்தான்.

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தத் தோட்டக்காரர் யாரு?" என்றார்.

விவசாயி மகன். 1826-இல் வேலையில் சேர்ந்த அன்று விடியற்காலை நாலரைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கதவு பூட்டியிருந்ததால் ஏறிக் குதித்து உள்ளே போய்த் தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு ஆட்களை வேலையில் இறக்கினார். காலைச் சாப்பாட்டில் சந்தித்த பெண்ணைத்தான் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார். லண்டனில் 1851-இல் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையை வடிவமைத்ததும் அவரே. "நாலரைக்கா? எங்க மண்டியிலயும் அந்நேரத்துக்குத்தான் லோடு இறங்கும்," என்று ஐயா முகம் மலர்ந்தார்.

பாக்ஸ்டன் கல்லறை பக்கத்து என்சர் கிராமத்தில் இருக்கிறது என்றேன். போயே ஆகவேண்டும் என்றார். அது எங்கள் திட்டத்தில் இல்லை. டிரைவரிடம் கெஞ்சி அரை மணி நேரம் வாங்கினேன். மாளிகையில் இருந்து பார்த்தால் கண்ணில் படக்கூடாது என்று அந்தக் கிராமத்தையே ஆறாம் டியூக் இடம் மாற்றி அமைத்தார். பழைய வீடுகளை இழந்தவர்களைப் பற்றியும் வழியில் சொன்னேன். அதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் டியூக்குகளுக்கு எளிய கல் நட்டிருக்கிறார்கள். தோட்டக்காரருக்குத்தான் பெரிய கல்லறை. மழை பெய்து புல் நனைந்திருந்தது. ஐயா ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் குளிரில் வெறுங்காலோடு நடந்து போய்ப் பாக்ஸ்டன் முன்னால் நின்று கும்பிட்டார்.