தடுப்பூசி அட்டையும் எங்கள் அலைச்சலும்

தங்கை குடும்பம் அகதிகளாக இங்கே வந்து சேர்ந்ததும் முதல் வேலை பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனைதான். எடை, கண், காது, பல், ரத்தசோகை, ரத்தத்தில் ஈயத்தின் அளவு, மலப் பரிசோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது தடுப்பூசியில்.

சின்னவனின் தடுப்பூசி அட்டையை முகாமிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள் தங்கை. கவுன்டரில் இருந்தவர் அதைப் புரட்டிவிட்டு, "தட்டம்மை ஊசி ஒரு வயது முடியும் முன்னாடியே போட்டிருக்கு, செல்லாது. எல்லாத்தையும் முதலிலிருந்து போடணும்" என்று சொல்லிவிட்டார். ஊசி முடியாமல் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

வீட்டில் அட்டையை வைத்துப் பார்த்தேன். பிள்ளை பிறந்தது 2018 ஜூன் 10. தட்டம்மை ஊசிக்கு நேரே 05/07/2019 என்று இருந்தது. நமக்கு அது ஜூலை 5. அவர் மாதத்தை முதலில் வைத்து மே 7 என்று படித்திருக்கிறார். அதே அட்டையில் இன்னொரு ஊசிக்கு 23/08/2018 என்று இருந்தது. இருபத்து மூன்றாவது மாதம் ஏது? அடுத்த முறை போனபோது அந்த வரியைத்தான் காட்டினேன். மூத்த செவிலியர் ஒருவர் வந்து பார்த்து, விட்டுப்போன ஊசிகளை மட்டும் போட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

அட்டை வைத்திருப்பவர்கள் மாதத்தை எழுத்தில் எழுதி ஒரு பிரதி தயாராக வைத்திருங்கள். பல நாடுகளில் ஒன்பதாம் மாதமே தட்டம்மை ஊசி போடுகிறார்கள். அப்படிப் போட்டிருந்தால் ஒரு வயதுக்குப் பிறகு மறுபடி போடச் சொல்வது சரிதான், அதற்குச் சண்டை வேண்டாம்.

காசநோய்க்குக் கையில் ஊசி குத்திப் பார்த்ததில் பெரியவளுக்குத் தடித்துவிட்டது. பயந்தே போனோம். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்குக் காசநோய்க் கிருமி இல்லாமலேயே அப்படித் தடிக்கலாம். தோளில் இருந்த தழும்பைக் காட்டி ரத்தப் பரிசோதனை கேட்டோம், பி.சி.ஜி.யால் அதன் முடிவு மாறாது. நெகட்டிவ் வந்தது. முதலிலேயே அதைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறு. நான் வேலைக்குப் போயிருந்த நாளில், பன்னிரண்டு வயதுப் பெரியவளை மொழிபெயர்க்க வைத்திருக்கிறார்கள். தம்பி தூங்குகிறானா, பயப்படுகிறானா என்று அவள் வழியாகக் கேட்டால் அம்மா என்ன சொல்வாள்? "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லியிருக்கிறாள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடும் வசதி அங்கேயே இருந்தது, கேட்டால்தான் தருகிறார்கள். அடுத்த முறை பிள்ளைகளை வெளியே உட்கார வைத்துவிட்டு, தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் குரல் வழியாகத் தங்கை எல்லாவற்றையும் சொன்னாள்: கதவு சாத்தும் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறான், இரவில் படுக்கையை நனைக்கிறான். டாக்டர் டைப் செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அன்றைக்கே குழந்தைகள் மனநல ஆலோசகருக்குக் கடிதம் கிடைத்தது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். எந்த மொழி என்பதோடு, பெண் வேண்டுமா ஆண் வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.