ஹூட்டுக்கு வெளியே தெரிந்த நரை

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் 1995-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபது. அப்புறம் பத்தொன்பது ஆண்டுகள், தூசியே இருக்கக் கூடாத க்ளீன்ரூமுக்குள்தான் இருந்தேன். அங்கே யாருடைய முடியையும் யாரும் பார்க்க முடியாது. தலைக்கு ஹூட், மூக்கை மூடிய மாஸ்க், கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு ஏர் ஷவரில் நின்று தூசி போக ஊதி வாங்கிவிட்டு உள்ளே போனால் வெளியே தெரிவது கண் மட்டும்தான். பவுடர் போடக் கூடாது, கண்ணுக்கு மை கூடாது, அதெல்லாம் துகள். இருபது வயதுப் பெண்ணும் ஐம்பது வயதுப் பெண்ணும் ஒரே உடுப்பில் இருப்பார்கள், நடையை வைத்துத்தான் யார் என்று கண்டுபிடிப்போம். முப்பத்தாறு வயதில் எனக்கு வகிட்டில் நரை வந்தது. வேலையிடத்தில் அது யாருக்கும் தெரியவில்லை, நானும் அதை நினைக்கவில்லை.

2014-இல் என்னைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பறையில் நின்று சொல்லிக்கொடுக்கும் வேலை, ஹூட் கிடையாது. முதல் வாரம் கேன்டீனில் பசியாறிக்கொண்டிருந்தபோது ஒரு தோழி என் வகிட்டைப் பார்த்து, "என்னக்கா, டை அடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். அந்தச் சனிக்கிழமையே பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் போய் லிட்டில் இந்தியாவில் பாக்கெட் டை வாங்கிவந்தேன். அதிலிருந்து எட்டு ஆண்டுகள், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, குளியலறையில் பழைய நாளிதழை விரித்து, காது ஓரத்தில் வாசலின் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணம், தீபாவளி, வாடிக்கையாளர் நிறுவனம் வந்து தொழிற்சாலையைச் சோதிக்கும் ஆடிட் என்று வந்தால் கூடுதலாக ஒரு தடவை.

காதுக்குப் பின்னால் அரிப்பு வந்ததை ஒரு வருஷம் வெயில் என்றே நினைத்தேன். 2022 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு டை அடித்தேன். மறுநாள் நெற்றியோரம் கொப்புளம், தீபாவளியன்று காலையில் இமை இரண்டும் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு மகள்தான் பலகாரம் எடுத்து வைத்தாள், நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்தார். முதுகில் சின்னச் சின்னதாகப் பல பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடியும் பார்ப்பார்கள். எனக்குச் சிவந்து தடித்தது பிபிடி ஒட்டிய இடம். பாராஃபினைலீன்டையமின் என்பது முழுப்பெயர், கறுப்புச் சாயங்களில் நிறம் நிலைத்து நிற்பதற்காகச் சேர்ப்பது. ஒருமுறை உடம்பு இதை ஒதுக்க ஆரம்பித்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் என்றார். பல் மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள், மரத்துப்போக வைக்கும் சில மருந்துகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றார்.

இதை விவரமாக எழுதக் காரணம் உண்டு. நம் பெண்கள் நிறைய பேர் "அமோனியா இல்லை" என்ற எழுத்தை நம்பி வாங்குகிறார்கள். அமோனியா வேறு, பிபிடி வேறு, ஒன்று இல்லாத பெட்டியில் மற்றது இருக்கலாம். "கறுப்பு மருதாணி" என்று விற்பதையும் கவனமாகப் பார்க்க வேண்டும். மருதாணி இலை செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும், அதற்கு மேல் அவுரிப் பொடியைத் தனியாகப் பூசினால்தான் கறுப்பு வரும். ஒரே பூச்சில் சட்டென்று கருகருவென்று வந்தால் தயவுசெய்து பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

நானும் மருதாணி, அவுரி என்று போயிருக்கலாம். போகவில்லை. 2013 ஜூலை முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் வந்துவிட்டது, நாற்பத்தேழு வயதில் எனக்கு முன்னால் இன்னும் பதின்மூன்று வருஷ வேலை இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று கணக்குப் போட்டால் 220 தடவைக்கு மேல் அந்தக் குளியலறைத் தரையில் உட்கார வேண்டும். அதை நினைத்ததும் உடம்பே வேண்டாம் என்றது.

இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தளவுக்கு வெட்டினேன். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், நீள முடியோடு காத்திருந்தால் ஐந்தாறு வருஷம் ஆகும். அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. எழுபத்து மூன்று வயதிலும் டை அடிக்கிற அவர், "நான் இருக்கும்போதே நீ நரைச்சு நிக்கறதைப் பாக்கணுமா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

வேலையிடத்தில் முதலில் மாறியது என்னைக் கூப்பிடும் முறை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அக்காவாக இருந்த நான் அம்மா ஆனேன். மலாய்ப் பெண்கள் அக்கா என்ற பொருளில் சொல்லும் காக் என்பதை விட்டு, அத்தை மாதிரி மூத்த பெண்களைக் கூப்பிடும் மக்சிக் என்றார்கள், நேப்பாளத்திலிருந்து வந்த பிள்ளைகள் தீதி என்பதை விட்டு ஆமா என்றார்கள். அவர்கள் மொழியில் அது அம்மாதான். மரியாதைதான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் மக்சிக் என்று முதல் தடவை கேட்ட அன்று மனது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டது. பாதி கறுப்பு பாதி வெள்ளையாக இருந்த அந்த ஒன்றேகால் வருஷமும் யாராவது ஒருவர் என்னிடம் உடம்பு சரியில்லையா, வீட்டில் பிரச்சினையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2023-இல் ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் ஆடிட்டுக்கு வந்தது. பயிற்சிப் பதிவேடுகளைக் காட்டிப் பதில் சொல்வது பல வருஷமாக என் பொறுப்பு. என் மேலதிகாரி வந்து, "இந்தத் தடவை நீங்க பின்னால இருந்து பேப்பரெல்லாம் ரெடி பண்ணிக் குடுங்கம்மா. முன்னால சின்னவங்க யாராவது நிக்கட்டும், கொஞ்சம் ஃபிரெஷ்ஷா இருக்கும்" என்றார். அவருக்குக் காதோரம் முழுக்க வெள்ளைதான். அந்த வெள்ளையைப் பார்த்து எல்லோரும் அனுபவஸ்தர் என்கிறார்கள். அதே வெள்ளை என் தலையில் ஏன் சோர்வாகத் தெரிகிறது? அன்று வாயைத் திறக்காமல் எல்லாம் செய்து கொடுத்துவிட்டு ஃபேக்டரி பஸ்ஸில் ஏறினேன், பாலம் தாண்டிப் பிறை ஊர் வரும் வரை வயிறு எரிந்தது.

இருபத்தெட்டு வயதில் என்னை லைன் லீடராகப் போட்டபோது நடந்தது இதற்கு நேர்மாறு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள் நான் சொன்னதைக் கேட்கவே மாட்டார்கள். இளைஞனாக இருந்த கரிகாலன் தீர்ப்புச் சொல்வானா என்று வழக்காட வந்த முதியவர்கள் தயங்கியதால் அவன் நரைமுடி தரித்து வந்து நீதி சொன்னான் என்று தமிழ்ப்பள்ளியில் படித்த கதையை அப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன், எனக்கும் நாலு நரை இருந்தால் பேச்சு எடுபடுமே என்று. அந்த நரை வந்த பிறகு என்னைப் பின்னால் போகச் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த ஆடிட் தேதி வந்ததும் அவர் அறைக்குப் போய் நேராகவே கேட்டேன். "சார், போன தடவை என் முடிக்காகத்தான் பின்னால வச்சீங்களா?" அவர் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தார். "அப்படி நெனச்சு சொல்லலம்மா" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இந்தத் தடவை நீங்களே பாருங்க" என்றார். நானே பார்த்தேன். வந்தவர்கள் பதிவேட்டில் ஒரு தேதி மாறியிருந்ததைப் பற்றி இருபது நிமிடம் கேட்டார்கள், இருபது நிமிடமும் பதில் சொன்னேன். கேட்கப் போகும்போது எனக்குக் கை நடுங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் பெண்கள் இதைப் படிக்கலாம்.

என் முதல் நாள் வகுப்பில் எப்போதும் ஒரு தலைமுடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டுவேன். சிப்பில் நாங்கள் பிணைக்கும் தங்கக் கம்பியின் தடிமன் 25 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தலைமுடி ஏறக்குறைய 70. உதிர்ந்த ஒரு முடி அந்தக் கம்பிகளுக்கு நடுவே விழுந்தால் எவ்வளவு பெரிய மரம் விழுந்த மாதிரி என்பது கண்ணால் பார்த்தால்தான் புரியும், ஏன் ஹூட் போட வேண்டும் என்று அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. சாயம் முழுவதையும் வெட்டி எறிவதற்கு முன்பு, என் முடி ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி வைத்தேன். ஒரு பாதி மை மாதிரி கறுப்பு, மறு பாதி வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடி நூல். முடிக்கு நிறம் வேரில்தான் ஏறுகிறது, வேரிலுள்ள நிறமிச் செல்கள் ஓய்ந்துவிட்டால் நிறம் ஏறாத முடி அப்படியே வெளியே வரும். இப்போது வகுப்பில் அந்தத் தகட்டைத்தான் காட்டுகிறேன்.

போன மாதம் ஒரு நேப்பாளப் பெண் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமலே, தனக்குத் தெரிந்த மலாயில், "ஆமா, இதுல எந்தப் பக்கம் புதுசு?" என்று கேட்டாள்.

வெள்ளைப் பக்கம் என்று சொல்லிவிட்டு, தகட்டை நகர்த்தித் தங்கக் கம்பியை வைத்தேன்.