பெரிய பை

எழும்பூர் ஹாக்கி ஸ்டேடியம் வாசல்ல ஒரு பையனை ஷேர் ஆட்டோவில் ஏத்த மறுத்துட்டார் டிரைவர்.

"அந்தப் பைக்கு மட்டும் ரெண்டு சீட் ஆகும் தம்பி!"

கோல்கீப்பர் பை. வெளியே நீட்டிக்கிட்டிருந்த கால் பேட் முழுக்க பந்து பட்ட தடம்.

கிரிக்கெட் மட்டை மாதிரி தெருவில் கடன் வாங்கி ஆடமுடியாத சாமான் இது. இந்திய ஹாக்கி கோல்கீப்பரா இருந்த ஸ்ரீஜேஷுக்கு இதை வாங்கித்தர அவர் அப்பா பசுமாட்டை வித்தார்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்குக் கடைசி நொடியில் கிடைச்ச பெனால்டி கார்னரை, அதாவது கோல் போடக் கிடைக்கும் தனி வாய்ப்பை, தடுத்தார். 5-4, இந்தியாவுக்கு வெண்கலம். கோல் போட்டவங்க பெயர் ஸ்கோர்போர்டில் இருக்கு. தடுத்ததுக்கு அதில் இடமே கிடையாது!

அவரோட 300-வது சர்வதேச ஆட்டம் இதே எழும்பூரில்தான். 2023 ஆகஸ்ட், ஆசிய சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதி. ஜப்பானுக்கு ஒரு கோல்கூட விடலை.